கணக்கும் ஒரு மருந்துதான்!

கேரளாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 6 குழந்தைகள், ஒரு வயது நிறைவதற்குள் இறந்து போயின. மத்தியப்பிரதேசத்திலோ 43!

இது 2020-ம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் எடுத்த கணக்கு.

இரண்டும் ஒரே நாடு. ஒரே கொடி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

குழந்தை எந்த ஊரில், எந்த வீட்டில் பிறந்தது என்பது அதன் ஆயுளையே மாற்றிவிடுகிறது. "எல்லாம் தலைவிதி" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். "விதி அல்ல, காரணம் இருக்கிறது. அதைத் தேடு!" என்று புறப்பட்ட படிப்பாளிகளும் இருக்கிறார்கள். ஏழைகள் வாழும் இடங்களில் யார், எந்த நோயால், ஏன் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அவர்களுடைய வேலை.

இந்த வேலையைப் பற்றி நம் வீடுகளில் நல்ல அபிப்பிராயம் இல்லை.

"டாக்டருக்குப் படித்தவன் ஊசி போட வேண்டியதுதானே? நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏன் அலைகிறான்?" என்று கேட்கிறார்கள்.

என் அபிப்பிராயம் வேறு. கணக்கும் ஒரு மருந்துதான். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. எந்தக் குடிசையில் கணக்கு எடுக்கப்பட்டதோ, அந்தக் குடிசைக்கே அதன் பலன் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது மருந்து அல்ல, வெறும் காகிதம்!

இதற்குச் சாட்சி, மராட்டிய மாநிலத்தில் வாழும் ஒரு டாக்டர் தம்பதி. கணவர் பெயர் அபய் பங். மனைவி பெயர் ராணி பங்.

காந்தி சொன்ன யோசனை

அபய் பங்கின் தந்தை பொருளாதாரம் படித்தவர். மேல்படிப்புக்கு அமெரிக்கா போக இருந்தார். புறப்படும் முன்பு காந்தி அடிகளிடம் ஆசி வாங்கப் போனார். பொருளாதாரம் படிக்க வேண்டுமானால் இந்தியக் கிராமங்களுக்குப் போ என்று காந்தி சொன்னாராம். அவர் அமெரிக்கப் பயணத்தையே கைவிட்டார்.

மகன் அபய், காந்தியின் சேவாகிராம ஆசிரமச் சூழலில் வளர்ந்தார். நாகபுரியில் டாக்டருக்குப் படித்தார். ராணி, பெண்கள் நோய்க்கான மேல்படிப்புப் படித்தார்.

இருவரும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படித்து, 1984-ம் ஆண்டில் பட்டம் பெற்றார்கள். அங்கேயே தங்கியிருக்கலாம். பம்பாயிலோ, டில்லியிலோ பெரிய உத்தியோகம் பார்த்திருக்கலாம்.

அவர்கள் போன இடம் எது தெரியுமா? கட்சிரோலி!

காட்டு ஜில்லா

மராட்டிய மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது, கட்சிரோலி ஜில்லா. பெரும்பகுதி காடு. கோண்டு இன மக்கள் ஏராளமாக வாழும் இடம். நெல் பயிரும் காட்டுப் பொருள்களுமே பிழைப்பு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால், பல கிராமங்களுக்கு வழியே கிடையாது.

1986-ம் ஆண்டில் அங்கே அவர்கள் ஒரு சேவை நிலையம் தொடங்கினார்கள். அதன் பெயர் "சர்ச்". தேடுதல் என்று பொருள்.

அமெரிக்கா போவதற்கு முன்பே, கணக்குக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அபய் பங் கண்டிருந்தார். அப்போது மராட்டியத்தில் விவசாயக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. வயலில் உழைப்பவருக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவர் கணக்குப் போட்டார். 12 ரூபாய் என்று விடை வந்தது. அந்தக் கணக்கைக் காட்டித் தொழிலாளர்கள் போராடினார்கள். கூலி உயர்ந்தது.

மாத்திரை கொடுத்தால் ஒருவர் பிழைப்பார். சரியான கணக்கைக் கொடுத்தால் பல ஆயிரம் அடுப்புகள் எரியும்!

வெள்ளை அங்கி

காட்டு மக்கள் ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்தார்கள். ஏன் என்று டாக்டர்கள் அவர்களிடமே கேட்டார்கள்.

"பெரிய கட்டிடத்தைக் கண்டால் பயமாக இருக்கிறது. நீங்கள் வெள்ளை அங்கி போட்டிருக்கிறீர்கள். நாங்கள் பிணத்தைத்தான் வெள்ளைத் துணியில் சுற்றுவோம். உயிர் கொடுப்பவர் பிணத்தின் துணியை உடுத்தலாமா?" என்று அந்த மக்கள் கேட்டார்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடம் கிடையாது!

பிறகு, அவர்களுடைய வீடுகளைப் போலவே குடிசைகள் கட்டி ஆஸ்பத்திரி அமைக்கப்பட்டது. நோயாளியோடு சொந்தக்காரர்களும் தங்கலாம். அவர்கள் கும்பிடும் தந்தேஸ்வரி அம்மனின் பெயரே ஆஸ்பத்திரிக்கு வைக்கப்பட்டது.

கணக்கு எடுக்க வருகிறவன் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்த கணக்கு, பூட்டிய வீட்டில் எடுத்த கணக்குத்தான்.

நூற்றுக்கு 92

ராணி பங்கிடம் பெண்கள் மனம் விட்டுப் பேசினார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லாத நோய்களைச் சொன்னார்கள்.

இரண்டு கிராமங்களில் 650 பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது. பெண்களுக்கே உரிய நோய் ஏதாவது ஒன்று நூற்றுக்கு 92 பேருக்கு இருந்தது. ஆனால், அதற்கு முன்பு அதற்காக டாக்டரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான்!

1989-ம் ஆண்டில், லண்டனிலிருந்து வெளிவரும் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. ஏழைப் பெண் என்றால் பிள்ளை பெறுகிறவள் என்று மட்டுமே வைத்தியத் திட்டங்கள் நினைத்து வந்தன. அவளுக்கும் உடம்பு உண்டு, வலி உண்டு என்பதை இந்த எண்கள் காட்டின.

ஒரு சாவு, 18 காரணங்கள்

ஒரு மழைநாள் மாலை. அபய் பங் வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி இளம் தாய். மற்றவள் பாட்டி. கையில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. வைத்தியம் தொடங்குவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

குழந்தை ஏன் செத்தது?

"நிமோனியா" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நடந்ததை எல்லாம் கேட்டார். வறுமை ஒரு காரணம். கர்ப்பத்தில் தாய் வயிறாரச் சாப்பிடாதது ஒரு காரணம். மந்திரவாதியை நம்பியது ஒரு காரணம். ஆறு குறுக்கே நின்றது ஒரு காரணம். இப்படி 18 காரணங்கள்!

எவனும் மலைத்துப் போவான். ஆனால், அவர் அதில் ஒரு நம்பிக்கையைக் கண்டார். இது 18 கண்ணிகள் உள்ள சங்கிலி. எல்லாக் கண்ணிகளையும் உடைக்க வேண்டியதில்லை. ஒன்றை உடைத்தாலும் சங்கிலி அறுந்துவிடும், குழந்தை பிழைக்கும்!

வறுமை ஒழியட்டும், பாலம் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவரை குழந்தைகள் செத்துக்கொண்டே இருக்கும். எந்தக் கண்ணியை இன்றைக்கே உடைக்க முடியும் என்று காட்டுவதுதான் ஆராய்ச்சி.

மூச்சை எண்ணும் மணிகள்

நிமோனியா கண்ட குழந்தை வேகமாக மூச்சு விடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் விட்டால் ஆபத்து. ஒரு வயதுக்கு உட்பட்ட மற்றக் குழந்தைகளுக்கு 50. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால், ஊர் மருத்துவச்சிகளுக்கு 50, 60 வரை எண்ணத் தெரியாதே! என்ன செய்வது?

டாக்டர்கள் ஒரு மணிச்சட்டம் செய்தார்கள். கூடவே ஒரு நிமிஷம் ஓடும் மணல் கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருவதற்குள் சிவப்பு மணி நகர்ந்தால் நிமோனியா! உடனே மருந்து.

எழுத்து அறியாத பெண்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் சோதனை நடந்தது. இந்த வைத்தியம் கிடைத்த இடங்களில், நிமோனியா கண்ட குழந்தைகளில் இறந்தவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கிடைக்காத இடங்களில் நூற்றுக்கு 13-க்கும் மேல்! 1990-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

வீட்டுக்கே வந்த வைத்தியம்

அடுத்தது, பிறந்து 28 நாள் ஆகாத பச்சைக் குழந்தைகள். இவற்றின் சாவுதான் அதிகம். வெளியே தெரியாமல் போவதும் இதுதான். இருட்டறையில் பிறந்து, பெயர் வைப்பதற்குள் இறந்து, சத்தமில்லாமல் புதைக்கப்படும் குழந்தையை எந்த ஏட்டில் தேடுவது?

முதலில் வீடு வீடாகக் கவனித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியம் தேவைப்பட்டது. கிடைத்தது, நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட இல்லை.

ஆகவே, 39 கிராமங்களில் ஓரளவு படித்த பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவத்தின்போது கூட இருப்பது, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது, எடை போடுவது, குளிர் தாக்காமல் சுற்றி வைப்பது, தாய்ப்பால் கொடுக்கச் சொல்வது எல்லாம் கற்றார்கள். விஷக் கிருமி பரவிய குழந்தைக்கு ஊசி போடவும் கற்றார்கள்.

"கிராமத்துப் பெண் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குக் கோபமாகப் பதில் சொல்லிப் பயனில்லை. கணக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொல்லிற்று!

அந்த 39 கிராமங்களில், முன்பு 1,000 குழந்தைகளுக்கு 62 குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்தன. மூன்றே ஆண்டுகளில் இது ஏறக்குறைய 25 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கவனித்த 47 கிராமங்களில் 58 ஆக இருந்தது. ஏறக்குறைய 60 ஆயிற்று. அங்கே சாவு குறையவே இல்லை.

1999-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்த முடிவு உலகத்துக்குத் தெரிந்தது. வங்காளதேசத்தில் சில்ஹெட் பகுதியிலும் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் முறையைச் சோதித்தார்கள். அங்கும் சாவு குறைந்தது. 2009-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், யுனிசெப்பும் பச்சைக் குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கூறின. 2011-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் இதை நாட்டுத் திட்டமாக்கியது. "ஆஷா" என்ற கிராம சுகாதார ஊழியர்கள், குழந்தை பிறந்த வீட்டுக்கு ஆறு, ஏழு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது.

கட்சிரோலிக் குடிசையில் பிறந்த கணக்கு, முதலில் அந்தக் குடிசைக்கே மருந்தாகத் திரும்பிற்று. பிறகு நாடெங்கும் போயிற்று. நான் சொன்ன நிபந்தனை இதுதான்.

கணக்கில் வராத மக்கள்

"ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் நாலு ஆஸ்பத்திரி கட்டலாமே?" என்பவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே கட்டுவது, யார் வர மாட்டார்கள், ஏன் வர மாட்டார்கள் என்று தெரியாமல் கட்டினால், கட்டிடம் இருக்கும். நோயாளி இருக்க மாட்டார்!

இன்னொரு செய்தி பாருங்கள். மலைவாழ், காடுவாழ் மக்களின் சுகாதாரத்தை ஆராய மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் குழு அமைத்தது. தலைவர் அபய் பங். 2018-ம் ஆண்டில் அறிக்கை வந்தது. நாட்டில் அந்த மக்கள் பத்துக் கோடிக்கு மேல். நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. ஆனால், மலேரியா கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் அவர்கள்தான்! அவர்களைப் பற்றிச் சரியான கணக்கே பல விஷயங்களில் இல்லை என்பதும் அந்தக் குழு சொன்ன பெரிய குறை.

பத்துக் கோடிப் பேர் என்ன நோயால் வாடுகிறார்கள் என்பதற்கு முழுக் கணக்கு இல்லை! கணக்கில் இல்லாதவனுக்குப் பணம் ஒதுக்குவது யார்? மருந்து அனுப்புவது யார்?

நாம் செய்ய வேண்டியது

அபய் பங்குக்கும் ராணி பங்குக்கும் 2018-ம் ஆண்டில் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அது அவர்களுக்குப் பெருமை. நமக்கு வேலை வேறு இருக்கிறது.

உங்கள் மகனோ, மகளோ, "நான் ஏழைகள் வாழும் இடத்தில் நோய்க் கணக்கு எடுத்து ஆராயப் போகிறேன்" என்று சொன்னால், "இதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோம்?" என்று தடுக்காதீர்கள். பணம் குறைவாக வரலாம். பிழைக்கும் உயிர்கள் குறைவாக இரா.

உங்கள் வீட்டுக்கு சுகாதாரக் கணக்கு எடுக்க யாராவது வந்தால், மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வெட்கம் அல்ல. அடுத்த வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றும் செய்தி அது.

கணக்கு எடுக்கும் படிப்பாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வரட்டும். உங்களுக்குப் பட்டமும் பதவியும் கிடைக்கட்டும். ஆனால், எந்தத் தாயிடம் கேட்டு எழுதினீர்களோ, அந்தத் தாயிடம் திரும்பிப் போய், "அம்மா, இதுதான் தெரிந்தது, இனி இப்படிச் செய்யலாம்" என்று சொல்லுங்கள்.

அந்தத் தாய் சொன்ன பதிலால்தான் உங்கள் ஏடு நிரம்பிற்று. அவளுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். கடனைத் தீர்க்காத கணக்கு, முடிந்த கணக்கு ஆகாது!