தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்

பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று மாணவர்களைத் தடுத்த காலம் நம் மைதானங்களில் மெல்ல மறைந்து வருகிறது. நல்லதுதான். ஆனால், அந்தத் தடை இருந்த இடத்தில் "தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, முடிந்தமட்டும் குடி" என்ற இன்னொரு கட்டளை வந்து உட்கார்ந்துவிட்டது. பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இரண்டையுமே கைவிட வேண்டும்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் 2005இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. மூன்று பேருக்கு 120ஐத் தாண்டவில்லை. அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே இதில் அதிகம் சிக்கினார்கள். குடித்தது வெறும் தண்ணீரா, விளையாட்டுப் பானமா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. ஏனென்றால், அந்தப் பானங்களில் உள்ள சோடியம் ரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. அளவு மீறிக் குடித்தால் எதுவானாலும் ரத்தத்தை நீர்க்கவே செய்யும்.

இதைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. உடல் குளிராது, நீர் மட்டும் குறையும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் இழந்தால் இதயத் துடிப்பு ஏறும், தாக்குப்பிடிக்கும் திறன் இறங்கும்.

அப்படியானால் அளவை எப்படி அறிவது? எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று போதும். சிறுநீர் கழித்த பின், குறைந்த உடையில், பயிற்சிக்கு முன்பு ஒரு முறை எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த நீரைக் கூட்டினால் வியர்வையின் அளவு கிடைக்கும். உதாரணத்துக்கு, 60 கிலோ எடையுள்ள ஒரு வீராங்கனை ஒரு மணி நேரத்தில் 600 மி.லி. குடித்தும் 59.1 கிலோவுக்கு இறங்கினால், அவருக்கு வியர்த்தது ஒன்றரை லிட்டர். அதே பயிற்சியில் 52 கிலோ எடையுள்ள தோழி 700 மி.லி. குடித்து 52.2 கிலோ காட்டினால், அவருக்கு வியர்த்தது அரை லிட்டர்தான். இருவர் கையிலும் ஒரே அளவு பாட்டிலைக் கொடுத்து "காலி செய்" என்று சொல்வது தவறு.

ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயிற்சிக்குத் தாகத்துக்கேற்ற தண்ணீரே பெரும்பாலும் போதும். நீளும் பயிற்சியில் உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ உதவும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் தலைவலி, வாந்தி, குழப்பத்தோடு ஒருவர் சரிந்தால், நீர் வறட்சி என்று முடிவுகட்டித் தண்ணீர் புகட்டாதீர்கள். உடல் சூட்டைப் பாருங்கள். கொதித்தால் உடனே குளிர வையுங்கள். விரல்கள் வீங்கி எடையும் கூடியிருந்தால் சோடியக் குறைவைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எடை 2 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. தொடங்கியபோது இருந்ததைவிடக் கூடவே கூடாது. இந்த இரண்டு வரம்புகளையும் ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதிவையுங்கள். அடுத்த பயிற்சி நாளிலேயே தொடங்குங்கள்.