ஆயிரம் ஆட்டம் ஆடியவரின் புத்தக மதிப்பு பூஜ்யம்

கிரஹாம் அலெக்சாண்டர் என்று ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரர். "யாருப்பா அது?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. தெரிந்தவர்கள் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போகலாம் :-)

1971-ல் கவன்ட்ரியில் பிறந்தவர். ரைட் பேக். 1990-ல் ஸ்கன்தார்ப் கிளப்பில் ஆரம்பம். அப்போது அது நாலாவது டிவிஷன். பிறகு லூட்டன், 1999-லிருந்து 2007 வரை பிரஸ்டன், அப்புறம் பர்ன்லி, கடைசியில் மறுபடி பிரஸ்டன். 2012-ல் ஓய்வு. நடுவில் 2011 ஏப்ரலில் தன் ஆயிரமாவது ஆட்டத்தை ஆடினார். ஆமாம், ஆயிரம். கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் இங்கிலாந்தில் அந்த எண்ணைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிஃபெண்டராக இருந்துகொண்டு நூறு கோலுக்கு மேல் அடித்தவர் (பெரும்பாலும் பெனால்டி, அதனாலென்ன?). ஸ்காட்லாந்துக்கு 40 முறை ஆடியவர்.

இவரைப் பற்றிப் பேசினால் பிரீமியர் லீக் பக்தர்களிடமிருந்து இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "பெரிய கிளப் எதிலும் ஆடவில்லையே!" இரண்டு, "ஜர்னிமேன் தானே?" இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். 22 வருஷத்தில் நாலு கிளப். ஒரே கிளப்பில் தொடர்ந்து எட்டு வருஷம். இதற்குப் பெயர் ஊர் சுற்றுவது என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒரு கிளப் மாறும் நட்சத்திரங்களுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கீழ் டிவிஷன்காரர் கிளப் மாறினால் நாடோடி, மேல் டிவிஷன்காரர் மாறினால் "புதிய சவால்". நல்லா இருக்கு நியாயம்!

இப்போது முதல் பதில். அதில் ஒளிந்திருக்கும் வாதம் இதுதான்: சந்தைக்கு எல்லாம் தெரியும். திறமை இருந்தால் மேலே போயிருப்பார், போகவில்லை என்றால் திறமை இல்லை.

சரி, 2007 செப்டம்பர் 12-க்குப் போவோம். பாரிஸ். யூரோ தகுதிச் சுற்று. முந்தைய வருஷம்தான் பிரான்ஸ் உலகக் கோப்பை ஃபைனல் ஆடியிருந்தது. எதிரே ஸ்காட்லாந்து. மெக்ஃபேடன் தூரத்திலிருந்து அடித்த ஒரு கோலில் ஸ்காட்லாந்து 1-0 என்று ஜெயித்தது. கோல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பிரான்சை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் தடுத்த பின்வரிசையில் லெஃப்ட் பேக்காக நின்றவர், 36 வயதை நெருங்கிக்கொண்டிருந்த, இரண்டாவது டிவிஷன் பர்ன்லியின் அலெக்சாண்டர். அவருக்குப் பழக்கமான பக்கம்கூட அது இல்லை.

அடுத்து 2009. பர்ன்லி பிளே-ஆஃப் ஃபைனலில் ஷெஃபீல்ட் யுனைட்டடை வென்று பிரீமியர் லீக் போனது. அலெக்சாண்டர் 37 வயதில் முதன்முறையாக அங்கே இறங்கினார். கோல்கீப்பர் அல்லாதவர்களில் அவ்வளவு வயதில் அதற்கு முன் யாரும் அங்கே அறிமுகமானதில்லை. முதல் ஆட்டம் ஸ்டோக்கிடம் தோல்வி. நாலே நாளில் சாம்பியன் மான்செஸ்டர் யுனைட்டடை 1-0 என்று வீழ்த்தினார்கள். 37 வயதில் திடீரென்று திறமை முளைத்ததா? அல்லது 19 வருஷமாக உங்கள் சந்தை தூங்கிக்கொண்டிருந்ததா?

டிவிஷன்களுக்கு இடையே வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. பர்ன்லி 2010-லேயே கீழே இறங்கிவிட்டது. அலெக்சாண்டரும் மால்டினி இல்லை. என் சண்டை வேறு. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள்கூட "37 வயதில் பிரீமியர் லீக்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒரு சீசன் வராமலே போயிருந்தால் மீதி 900 சொச்சம் ஆட்டங்களுக்கு மதிப்பு இல்லையா? மேலே ஏறினால்தான் கதை, ஏறாவிட்டால் குப்பை என்ற புத்திதான் தப்பு.

நான் படிப்பது பி.காம். அதனால் கொஞ்சம் கணக்கு. ஒரு கிளப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து நாலு வருஷ ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், அவர் புத்தகத்தில் ஒரு அருவச் சொத்து. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் எழுதித் தள்ளுவார்கள். நாலு வருஷம் முடிந்தால் பூஜ்யம். ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்தவர், சொந்த அகாடமியில் வளர்ந்தவர் எல்லாம் முதல் நாளே பூஜ்யம். அதாவது எட்டு வருஷம் ஒரே இடத்தில் தூணாக நின்றவர் பேலன்ஸ் ஷீட்டில் இல்லவே இல்லை! மனிதவளக் கணக்கியலில் லெவ்-ஷ்வார்ட்ஸ் மாடல் படித்தவர்களுக்குத் தெரியும்: இனி வரப்போகும் சம்பளத்தைத் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்பு காண்பது. வயது ஏற ஏற மதிப்பு கரையும். அந்தச் சூத்திரத்தில் 37 வயது ஃபுட்பாலரைப் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டரே சிரிக்கும்.

கணக்காளரைக் குறை சொல்ல முடியாது. பணம் போன வழியை எழுதுவது அவர் வேலை. அந்தப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு "இவர் பூஜ்யம்" என்று ரசிகனும் சேனலும் நம்புவதுதான் பிரச்னை.

இது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை, கிளப்புகளின் உயிர்ப் பிரச்னை. 2016 முதல் 2019 வரை மூன்று சீசன்களுக்கு பிரீமியர் லீக்கின் பிரிட்டன் நேரடி ஒளிபரப்பு உரிமை மட்டும் 513.6 கோடி பவுண்டு. அது இருபது கிளப்புகளின் பணம். கீழே உள்ள 72 கிளப்புகளுக்கு அதில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். மேலேயிருந்து விழுந்த கிளப்புக்கு மட்டும் சில வருஷம் "பாராசூட்" பணம். அதோடு போட்டி போட மற்றவர்கள் கடன் வாங்கிச் சம்பளம் கொடுப்பார்கள். இரண்டாவது டிவிஷனில் மொத்த வருமானத்தைவிடச் சம்பளச் செலவு அதிகமாக இருந்த சீசன்கள் உண்டு. பி.காம் முதல் வருஷப் பையனிடம் கேட்டால்கூட இது எங்கே போய் முடியும் என்று சொல்வான்.

முடிந்தது, பரி கிளப்பில். 1885-ல் தொடங்கிய கிளப். 1903 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் டார்பியை 6-0 என்று அடித்தது. அந்தச் சாதனையை 2019 மே மாதம்தான் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. அதே மாதம் பரி மூன்றாவது டிவிஷனுக்கு முன்னேறிவிட்டு, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். நேரடிக் காரணம் நிர்வாகத்தின் ஊதாரித்தனம், மறுக்கவில்லை. ஆனால் சிட்டியின் மைதானத்திலிருந்து சில மைல் தூரத்தில் அது செத்துக்கொண்டிருந்தபோது உலகமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 2021-ல் ஆறு இங்கிலீஷ் கிளப்புகள் சூப்பர் லீக் என்று கிளம்பினவே, அதுவும் இதே புத்தியின் அடுத்த படி. "பெரிய கிளப்புகள்தான் ஃபுட்பால்" என்பதை நாம் சொன்னோம், அவர்கள் செய்யப் பார்த்தார்கள். கடைசியில் சட்டம் போட்டு, 2025-ல் ஒரு தனி ஒழுங்குமுறை அமைப்பைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அலெக்சாண்டரின் கடைசி ஆட்டம் 2012 ஏப்ரலில், மூன்றாவது டிவிஷனில், பிரஸ்டன் - சார்ல்டன். வயது 40. நேரம் முடிகிற வேளையில் ஒரு ஃப்ரீ கிக், நேராக வலைக்குள். ஆட்டம் 2-2. பிறகு மேனேஜர் ஆனார். 2014-ல் ஃப்ளீட்வுட், 2019-ல் சால்ஃபோர்ட், 2025-ல் பிராட்ஃபோர்ட் என்று மூன்று கிளப்புகளை ஒரு டிவிஷன் மேலே ஏற்றினார். மூன்றும் உங்கள் டிவியில் வராது.

இந்த விளையாட்டை மேலே இருக்கும் இருபது கிளப்புகள் விற்கின்றன. சனிக்கிழமை தவறாமல், மழையில், சில ஆயிரம் பேர் முன்னால் அதை ஆடிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பூஜ்யங்கள்தான். அடுத்த முறை "யாருப்பா அது?" என்று கேட்பதற்கு முன், பிரீமியர் லீக் அட்டவணையில் கடைசி இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்குமே, அதைக் கவனியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேயும் ஃபுட்பால் இருக்கிறது.