பூண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைக் கொண்டே திருவள்ளூர் மாவட்டத்தைத் தொழில் மாவட்டம் என்கிறோம். ஆனால் இங்கே கற்கருவிப் பட்டறை தொடங்கி 15 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சந்தேகம் இருந்தால் பூண்டி தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். கைக்கோடரிகளின் இருபக்கமும் சில்லுகளைப் பெயர்த்து ஓரத்தைக் கூராக்கிய தட்டல்களின் தழும்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை 1863-இல் கண்டறிந்தவர் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 2011-இல் வெளியான, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவின் ஆய்வுதான் அவற்றின் வயதைச் சொன்னது. வெள்ளைக்கார அதிகாரி தேடி வந்து பார்த்ததை நம் பிள்ளைகள் பார்க்காமல் வளர்வது நியாயமில்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களைப் பூண்டிக்கு அழைத்துச் செல்லவேண்டும். அதற்கான பேருந்துச் செலவைத் தொழிற்சாலைகள் ஏற்கலாம்.