டயப்பர் சிவப்புக்குப் படை மருந்தா?



டயப்பர் கட்டிய இடம் சிவந்தால், மருந்துக்கடையில் ‘குழந்தைக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில கடைகளில் எடுத்துக் கொடுப்பது படைக்குப் போடும் கலவைக் களிம்பு. டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் ‘குளோபெட்டசோல்’ என்றிருக்கும். வீரியமான ஸ்டீராய்டு அது. சிவப்பு சட்டென மறைவதால் வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி! ஆனால் பச்சிளந்தோலில், அதுவும் டயப்பருக்கு அடியில், மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். தோல் மெலியும், உடலின் இயல்பான ஹார்மோன் சுரப்பே குறையலாம்.

சாதாரணச் சிவப்புக்கு ஈரம் ஒற்றி, காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவினால் போதும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

ஸ்டீராய்டு களிம்புகளுக்கு 2018 முதலே மருத்துவர் சீட்டு கட்டாயம். மருந்து ஆய்வாளர்கள் இதைக் கடைகளில் கண்டிப்புடன் சோதிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்