‘டப்’புக்கும் ‘டொம்’முக்கும் நடுவுல...

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதி செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டதால, இந்த வாரம் ஊரை விட்டே எஸ்கேப். இடம் குற்றாலம். ஐந்தருவியில தலையைக் காட்டி, பார்டர் பரோட்டாவை ஒரு கை பார்த்து முடிச்சதும் தென்காசிக்கார ரூம்மேட் கேட்டான். “ஏல, எங்க தாத்தாட்ட துப்பாக்கி இருக்கு. பாக்கியா?”

பார்க்காம?

பண்பொழி தாண்டி மேக்கரைப் பக்கம் அவங்களுக்குத் தென்னந்தோப்பு, ஊடால மரவள்ளி. வேலிக்கு அந்தாண்ட காடு. இருட்டினா பன்றி இறங்கிடும். தாத்தாவுக்கு வயசு எழுபத்தெட்டு. பெட்டியைத் திறந்து அவர் வெளியே எடுத்தது, என் உயரத்துக்கு இருந்த ஒத்தக்குழல். தோட்டா போடுற சமாசாரமே இல்லை. வாய் வழியா மருந்தைக் கெட்டிச்சுச் சுடுற ரகம். லைசென்ஸ்ல ‘எஸ்.பி.எம்.எல்.’னு நாலு எழுத்து.

“இது மியூசியம் பீஸ் ஆச்சே தாத்தா, இதுக்கு இன்னுமா லைசென்ஸ் தர்றாங்க?”

தாத்தா சிரிச்சார். அப்புறம் சட்டத்தைப் புரட்டினப்பதான் புரிஞ்சது. 1959 ஆயுதச் சட்டம் 13-வது பிரிவுல, பயிரைக் காப்பாத்துறதுக்குன்னு விவசாயி கேட்டா தர வேண்டிய துப்பாக்கியா சொல்லியிருக்கிறதே இந்த வாய்வழி கெட்டிக்கிற ரகத்தைத்தான். இது பத்தாதுன்னு அதிகாரி நினைச்சா மட்டும் வேற. இத்தனைக்கும் நம்ம ஏரியா, புலித்தேவன் காலத்துலயே வெள்ளைக்காரனை மருந்தாலும் குண்டாலும் வரவேற்ற ஏரியா. 1801-ல பாளையக்காரர் போர் முடிஞ்சதும் ஆயுதத்தை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னாங்க. 1878-ல லைசென்ஸ் சட்டம் வந்துச்சு. இதையெல்லாம் தாண்டி மிஞ்சினது மரவள்ளிக்குக் காவல்.

சாயங்காலம் ஆச்சு. சாரல் பூந்தூறலா விழுது. தாத்தா வேலைய ஆரம்பிச்சார். முதல்ல, கெட்டிக்கிற கம்பை வெறும் குழலுக்குள்ள விட்டார். கம்புல ஒரு வெட்டு இருக்கு. அது குழல் வாய்க்கு நேரா நின்னா உள்ளே காலி. மேல துருத்திக்கிட்டு இருந்தா ஏற்கனவே மருந்து இருக்குன்னு அர்த்தம். “மறந்துபோய் ரெண்டாந்தடவ கெட்டிச்சவன் கையி போயிரும் தம்பி.”

அப்புறம் பித்தளைக் குப்பியில அளந்து கரிமருந்து. மேல தேங்காய் நார் உருண்டை. கம்பால இறுக்கி அழுத்தினார். “மருந்துக்கும் அடைப்புக்கும் நடுவுல காத்து நிக்கப்படாது. நின்னா அந்த எடத்துல குழல் புடைக்கும்.” எனக்கு மெக்கானிக்கல் வாத்தியார் ஞாபகம் வந்துட்டார். தின் சிலிண்டர், ஹூப் ஸ்ட்ரெஸ்னு ஒரு செமஸ்டர் பூரா போர்டுல எழுதினார். நான் அரியர் வெச்ச பேப்பர். தாத்தா ஒரே வரியில முடிச்சிட்டார்.

சுடணும்னா இதே குப்பி அளவுக்கு ரவை போட்டு இன்னொரு அடைப்பு. தாத்தா போடலை. “சத்தம் மட்டுந்தான். பன்னியக் கொல்லப்படாதுல்லா.” 1972 வனவிலங்குச் சட்டம் அப்படி. 2025 ஜனவரியில தமிழக அரசு பன்றியைச் சுட வழி விட்டுச்சு. ஆனா அது காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால, அதுவும் வனத்துறை ஆளுங்க மட்டும். தாத்தா தோப்பிலிருந்து காட்டுக்கு மூணு நிமிஷம்.

கடைசியா, நிப்பிள் மேல செம்புக் கேப்பு. தீபாவளிக்கு நாம சுட்ட பொட்டுக் கேப்போட பெரியண்ணன். இந்த ஐடியாவுக்கு முன்னோடி ஸ்காட்லாந்து பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். சிக்கிமுக்கித் துப்பாக்கியில முதல்ல வர்ற தீப்பொறியைப் பார்த்ததுமே வாத்து பறந்துடுதேங்கிற கடுப்புல, தட்டினா வெடிக்கிற மருந்தைப் பிடிச்சு 1807-ல பேட்டன்ட் வாங்கினவர். பாதிரியாருக்கு வந்த கோபத்தைப் பாருங்க!

தாத்தா குழலை மேல தூக்கி, குதிரையை இழுத்து, விசையை அழுத்தினார்.

டப்.

அவ்வளவுதான். கேப்பு வெடிச்சுது, துப்பாக்கி வெடிக்கலை. ‘புஸ்வாணம்’னு ரூம்மேட் சிரிச்சான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என்னாச்சுன்னு பார்க்க குழல் பக்கமா ரெண்டு எட்டு வெச்சேன்.

“அசையாதல!”

அந்தக் கத்தல் முடியலை. டொம்! காது அடைச்சு, வெள்ளைப் புகையில தாத்தாவையே காணோம். காட்டுக்குள்ள ஏதோ தடதடன்னு ஓடுச்சு. என் முழங்கால் ரெண்டும் பரதநாட்டியம். ரவை இல்லைன்னாலும் அந்த நெருப்பும் நார் உருண்டையும் கிட்டக்க ஒரு மூஞ்சிக்குப் போதும்.

தாத்தா துப்பாக்கியை இறக்கவே இல்லை. புகை கலைஞ்சதும்தான் பேசினார். சாரல் காலத்துல மருந்து ஈரம் கோத்து நமுத்துடும். நெருப்பு உடனே பிடிக்காம உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால ‘டப்’னா கையை எடுக்காம, குழலைத் திருப்பாம, ஒரு நிமிஷம் அப்படியே நிக்கணும். “நா சின்னப்புள்ளையில எங்கய்யாட்ட வாங்கின அடி, அந்த ஒரு நிமிசத்துக்குத்தான்.”

ராத்திரி வெந்நீர் ஊத்திக் குழலைக் கழுவினோம். ‘னோம்’ சும்மா. லைசென்ஸ் தாத்தா பேர்ல இருக்கு, நான் தண்ணி மட்டும் ஊத்தினேன். கன்னங்கரேல்னு வந்துச்சு, அழுகின முட்டை நாத்தம். கரிமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல புகையும் சாம்பலுமாவே மிஞ்சும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து, ஒரே ராத்திரியில துருப்பிடிக்க வெச்சுடும். 1884-ல பிரான்ஸ்ல பால் வியே கண்டுபிடிச்ச புகையில்லா மருந்துல இந்தத் தொல்லை கிடையாது. ஆனா அதை இந்தக் குழல்ல போட்டா அழுத்தம் தாங்காம குழலே கிழியும். தாத்தாகிட்ட ஒருத்தர் ‘நல்ல மருந்து இருக்கு, வாங்கிக்கோரும்’னு கொண்டாந்தாராம். தாத்தா வாசலோட அனுப்பிட்டார்.

பேப்பர்ல அடிக்கடி பார்க்கிறோமே, ‘நாட்டுத் துப்பாக்கி வெடித்து ஒருவர் பலி’னு. லைசென்ஸும் இல்லை, கம்புல வெட்டும் இல்லை, அடிச்சுச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை.

எலெக்ஷன் வந்தா தாத்தா துப்பாக்கியைத் துணியில சுத்தி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவார். (பன்றிக்கு அப்பதான் ஜனநாயகம்!) லைசென்ஸை முன்னெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும். 2019-ல சட்டத்தைத் திருத்தி அஞ்சு வருஷம் ஆக்கினாங்க. அடுத்த மாசம் தாத்தாவுக்கு அந்த அஞ்சும் முடியுது. “இன்னும் அஞ்சு வருசம் எனக்கு இருக்கான்னு முதல்ல பாக்கணும்”னார். ஒப்படைச்சிடலாம்ங்கிறார் ரூம்மேட்டோட அப்பா. ரூம்மேட் கேம்பஸ்ல செலக்ட் ஆகி, சென்னைக்குப் போகப் பெட்டி கட்டிட்டான்.

கிளம்பும்போது பார்த்தேன். திண்ணையில உட்கார்ந்து, கம்புல மழுங்கிப்போன அந்த வெட்டைத் தாத்தா கத்தியால மறுபடி ஆழமாக்கிக்கிட்டு இருந்தார். ஃபார்ம் இன்னும் வாங்கலையாம்.