பள்ளிக்கூடத்தில் உடன்படிக்கை நாடகம்

கனடா தேசத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு ஒரு புது மாதிரியான பாடம் நடத்தப்படுகிறது. வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சியாரை இங்கிலீஷ் சர்க்கார் பிரதிநிதிகள் என்றும், மற்றொரு கட்சியாரை அந்நாட்டுப் பூர்வ குடிகளின் தலைவர்கள் என்றும் வைத்து, நிலத்தைப் பற்றிப் பேரம் பேசி உடன்படிக்கை செய்துகொள்ளச் சொல்லுகிறார்கள். வருஷங்களையும் பெயர்களையும் நெட்டுருப் போடச் செய்வதைவிட இது எவ்வளவோ மேலான முறை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியாக நடத்தாவிட்டால், படிக்காமலே இருப்பதைவிடக் கேடாக முடியும் என்பதும் நமது அபிப்பிராயம்.

ஏனெனில், வகுப்பிலே இரு கட்சியாரும் ஒரே பாஷை பேசுகிறவர்கள்; இருவர் கையிலும் பென்சில் இருக்கிறது. சரித்திரத்தில் அப்படியா நடந்தது?

டொராண்டோ பட்டணத்தையே எடுத்துக்கொள்ளுவோம். இன்று அங்கே தமிழ் மக்கள், முக்கியமாக இலங்கையைவிட்டு உயிர் தப்பிப்போன குடும்பங்கள், ஏராளமாக வாழ்கின்றன. அந்த நிலம் மிசிசாகா என்னும் பூர்வ குடிகளுடையது. 1787-ல் சர்க்கார் அதை வாங்கியதாகச் சொல்லப்பட்டது. பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எவ்வளவு நிலம், எதுவரை எல்லை என்று எழுதவேண்டிய இடமெல்லாம் வெறும் வெள்ளைக் காகிதம்! தலைவர்களின் குலக்குறிகள் மாத்திரம் வேறு துண்டுக் காகிதங்களில் போடப்பட்டு அதனோடு ஒட்டப்பட்டிருந்தன. மகா யோக்கியமான பத்திரம்! இது செல்லாது என்று கவர்னர் டார்செஸ்டர் பிரபுவே 1794-ல் எழுதினார். அதற்குள் அங்கே பட்டணம் எழும்பத் தொடங்கிவிட்டது.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. 1805-ல் மறுபடியும் ஒரு பத்திரம் தயாரித்தார்கள். முதல் பத்திரம் செல்லாதது என்ற சங்கதியை அம்மக்களுக்குச் சொல்லவேயில்லை. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அந்தப் பத்திரத்தில் கண்ட விலை 10 ஷில்லிங். கடைசியாக 2010-ல்தான், சுமார் 14 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சர்க்கார் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதாவது 223 வருஷம் சென்று!

நிற்க. உடன்படிக்கைகளைப் பற்றி எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாகக் கற்பிக்கவேண்டும் என்று, கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-ல் சிபாரிசு செய்தது. நல்ல காரியந்தான். ஆனால் பிள்ளைகளின் தலையில் இறகைச் செருகி, முகத்தில் சாயம் பூசி, கடைசியில் கைகுலுக்கச் செய்து அனுப்பினால் அது பாடமல்ல, பொம்மலாட்டம். வகுப்பில் பூர்வ குடிப் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பாட்டனார் இழந்ததை அதையே நடிக்கச் சொல்லுவது மகா கொடுமை. அதுமாத்திரமல்ல, அத்தலைவர்களை ஏமாந்த சோணகிரிகளாகக் காட்டுவதும் பொய். 1876-ல் ஆறாம் உடன்படிக்கையில், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் உதவவேண்டும், மருந்துப் பெட்டி வைக்கவேண்டும் என்று வாதாடி எழுத வைத்தவர்கள் அவர்களே.

ஆகவே உபாத்தியாயர் செய்யவேண்டியது என்ன? எழுதும் உரிமையை ஒரு கட்சிக்கு மாத்திரம் கொடுக்கட்டும். நடுவே ஒரு பிள்ளை துபாஷியாக இருக்கட்டும். வாயால் சொன்னது எது, காகிதத்தில் ஏறியது எது என்று மறுநாள் படித்துக் காட்டட்டும். இதற்கு ஒரு மணி நேரம் போதாது என்று சில உபாத்தியாயர்கள் சொல்லக்கூடும். போதாதுதான்; மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாம் நாள், ஏமாற்றப்பட்ட கட்சிப் பிள்ளைகள் வழக்காட வேண்டுமென்று எழுந்திருப்பார்கள். அப்போது உபாத்தியாயர் 1927-ம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துப் படிக்கவேண்டும். நிலத்துக்காக வழக்காடப் பூர்வ குடிகளிடம் சர்க்கார் அனுமதியில்லாமல் பணம் வசூலிப்பது குற்றம் என்பது அச்சட்டம். அது 1951 வரையில் அமுலில் இருந்தது. அதைக் கேட்டபின் அந்தப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்களோ, அதற்குப் பதில் சொல்ல உபாத்தியாயர் தயாராக இருக்கவேண்டும்.