நீண்ட கோடு இல்லாத விசைப்பலகை

ஒரு முனை மூடிய குழாய் ஒன்று. அதிலுள்ள காற்றுத் தம்பத்தின் நீளம் 0.25 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் எனக் கொள்வோம். வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் குழாயின் அடிப்படை அதிர்வெண் கிடைக்கும். இதைப் பைத்தான் மொழியில் கணக்கிட்ட என் மாணவர் ஒருவர், விடை 21.25 ஹெர்ட்ஸ் என்று எழுதி வந்தார். கணிப்பொறியே சொல்லிவிட்டதாம்!

அவர் தட்டியது இது: 340 / 4 * 0.25

பெருக்கலும் வகுத்தலும் சம உரிமை பெற்ற குறிகள். இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதுவே முதலில் நடக்கும். 340ஐ 4ஆல் வகுத்து, வந்த 85ஐ 0.25ஆல் பெருக்கிவிட்டது கணிப்பொறி. காகிதத்தில் நாம் நீண்ட கோடு போட்டு, அதன் கீழே பகுதி முழுவதையும் எழுதுகிறோம். விசைப்பலகையில் அந்தக் கோடு கிடையாது. அதன் வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும். 340 / (4 * 0.25) என்று எழுதினால் 340 ஹெர்ட்ஸ் என்ற சரியான விடை வரும்.

எழுத்துப் பிழை விட்டால் பைத்தான் உடனே முறையிடும். இத்தகைய பிழைக்கு வாய் திறக்காது. நம் செவி கேட்கும் எல்லையே ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஒரு சாணுக்குச் சற்று நீண்ட குழாய் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்புமா? இந்தக் கேள்வி மாணவருக்குத்தான் எழ வேண்டும். ஆகவே, நான்கு குறிகளையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாட்டு நிரல் எழுத ஓடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு வாரமாவது இவற்றோடு மல்லுக்கட்டுங்கள்.

குறியின் பொருளும் என்றும் ஒன்றாகவே இருந்ததில்லை. பைத்தானின் 2ஆம் பதிப்பில் 1 / 2 என்றால் விடை 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும். இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தை 1 / 2 என்று தொடங்கியவருக்கு, பறக்கும் பந்துக்கும் ஆற்றல் பூச்சியம்தான்! 2008இல் வந்த 3ஆம் பதிப்பில்தான் அது 0.5 ஆயிற்று. பழைய வகை வகுத்தலுக்கு இப்போது இரட்டைச் சாய்கோடு: 7 // 2 என்றால் 3.

அப்படியானால் -7 // 2 என்ன? -3 என்று அவசரப்படாதீர்கள். ஓர் எண்கோட்டை வரைந்து, விடையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எண்டர் விசையை அழுத்துங்கள்.